தனி ஆளாகப் பிள்ளையை வளர்க்கிறேன், 20 வருட வீட்டுக்கடனைச் சீக்கிரம் அடைக்க இந்தக் கணக்கு சரியா?

நிலா_கோவை
வணக்கம். வீட்டுவசதி நிதி நிறுவனம் ஒன்றில் 2025 தொடக்கத்தில் வாங்கிய கடன். தொகை 25 லட்சம், மாறும் வட்டி 8.5 சதவீதம், 20 வருடம், மாதத் தவணை 21,696. கடனும் பத்திரமும் என் பெயரில் மட்டுமே. மகளுக்கு வயது 9, நாலாம் வகுப்பு.

கைக்கு வரும் சம்பளம் 58,000. மாதச் செலவு: தவணை 21,700, பள்ளிக் கட்டணமும் வேனும் மாதக் கணக்கில் 6,500, மளிகை, காய்கறி, பால், கேஸ் 11,000, கரண்ட், நெட், போன் 2,500, போக்குவரத்து 2,000, அம்மாவுக்கு 4,000, இன்சூரன்ஸ் 2,000, மருந்து 1,500. மொத்தம் 51,200, மீதி 6,800. ஜீவனாம்சம் 6,000 வரவேண்டும், சில மாதம் வராது, அதனால் கணக்கில் சேர்க்கவில்லை. வருட போனஸ் 45,000 அளவில்.

சேமிப்பு 1.5 லட்சம். அதை அப்படியே கடனில் கட்டிவிட்டு, மாதம் 6,800-ஐயும் கூடுதலாகக் கட்டலாம் என்று நினைக்கிறேன். சரியா?

எண்கணக்கு
முதலில் அந்த 6,800-ஐப் பார்ப்போம். உங்கள் பட்டியலில் மாதாமாதம் வருகிற செலவு மட்டும்தான் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, இருமுறை வருவதைக் காணோம். நோட்டு, புத்தகம், சீருடை, ஷூ 10,000. தீபாவளி, பொங்கல் 15,000. வண்டி இன்சூரன்சும் சர்வீசும் 6,000. சொத்து வரி இரண்டு அரையாண்டுக்கும் சேர்த்து 5,000. மோட்டார் ரிப்பேர், பெயின்ட், பிளம்பர் என்று வீட்டுக்கு 12,000. கூட்டினால் 48,000, மாதத்துக்கு 4,000. ஆக உண்மையான மீதி 2,800.

முன்கூட்டியே அடைக்கும் திட்டங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உடைகின்றன. ஆறு மாதம் 6,800 கட்டுவார்கள், ஜூனில் பள்ளி திறந்ததும் கிரெடிட் கார்டைத் தேய்ப்பார்கள். கார்டு பாக்கிக்கு வருடம் 36 முதல் 42 சதவீதம் வட்டி ஓடும். 8.5 சதவீதக் கடனை அடைக்கப் போய் 42 சதவீதக் கடன் வாங்கியதாகிவிடும். அந்த 4,000-ஐத் தனி சேமிப்புக் கணக்கில் சம்பளத்தன்றே ஒதுக்குங்கள். ஆர்.டி.யாக வேண்டாம், ஜூனிலும் அக்டோபரிலும் எடுக்கவேண்டியிருக்கும்.

காசாளர்_மதுரை
1.5 லட்சத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள் மேடம். நிதி நிறுவனக் கடனில் கூடுதலாகக் கட்டிய பணம் திரும்பி வராது. அடுத்த மாதமே வேலை போனாலும் "போன மாதம் ஒன்றரை லட்சம் கட்டினேனே, ஏழு தவணைக்கு அதில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்க முடியாது. அந்தத் தொகை அசலில் கழிந்துபோயிருக்கும். அடுத்த தவணை அதே தேதிக்கு வந்து நிற்கும்.

கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் உங்கள் வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும், கடன் கொடுத்தவர் ஒன்று பிடிப்பார், மேலே அபராதக் கட்டணம். 2024 ஏப்ரல் முதல் அபராதத்தை வட்டி விகிதத்தில் ஏற்றக்கூடாது, அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. ஆனாலும் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் பதிவில் கறை விழுவது விழுந்ததுதான். 90 நாள் பாக்கி நின்றால் வாராக்கடன் ஆகிவிடும். பிறகு, நீதிமன்றம் போகாமலே அடமான வீட்டை எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். இரண்டு சம்பளம் வருகிற வீட்டில் ஒன்று நின்றால் மற்றது தாங்கும். இங்கே அது இல்லை.

எண்கணக்கு
உங்களுக்கு மாதம் எல்லாம் சேர்த்து 55,200 வேண்டும். அவசரக் கையிருப்பாக நான்கு மாதத்துக்கு 2.2 லட்சம். கையில் 1.5 இருக்கிறது, இன்னும் 70,000. போனஸையும் வருகிற ஜீவனாம்சத்தையும் இதற்கே விட்டால் ஒரு வருடத்துக்குள் நிரம்பிவிடும். அதுவரை அந்த 2,800-ஐ மட்டும் கடனுக்குத் திருப்புங்கள். நிரம்பிய பிறகு போனஸில் பாதி கடனுக்கு, பாதி கையிருப்புக்கு, ஆறு மாதச் செலவு சேரும் வரை.

சிறுவாடு
நான்கு மாதம் போதுமா? தனி ஆள் என்றால் ஆறு மாதம் சேர்ந்த பிறகுதான் கடன் பக்கமே போகவேண்டும் என்பேன். உடம்புக்கு முடியாமல் படுத்தால் சம்பளமும் போகும், பிள்ளையைப் பார்க்க ஆளும் வைக்கவேண்டும். இந்த இரண்டாவது செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

எண்கணக்கு
சிறுவாடு சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தாமதத்துக்கும் விலை உண்டு, அதையும் பார்க்கவேண்டும். இந்தக் கடனில் முதல் வருடம் கட்டிய 2.6 லட்சத்தில் 2.1 லட்சம் வட்டிக்கே போயிருக்கிறது, அசலில் குறைந்தது 49,761 மட்டும். பத்து வருடம் ஒழுங்காகக் கட்டினாலும் பாக்கி 17.5 லட்சம் நிற்கும். பாதி காலம் முடிந்தும் பாதி அசல் தீராது.

ஒரே ஒரு லட்சத்தை முதல் வருட முடிவில் கட்டினால் கடைசியில் 21 மாதத் தவணை குறையும், கட்டிய லட்சம் போக லாபம் சுமார் 3.65 லட்சம். அதே லட்சத்தைப் பத்தாம் வருட முடிவில் கட்டினால் 10 மாதம்தான் குறையும், லாபம் 1.26 லட்சம். ஆரம்ப வருடங்களில் போடுகிற சின்னத் தொகைக்குத்தான் வலு அதிகம். அதனால்தான் 2,800-ஐ நிறுத்தவேண்டாம் என்கிறேன்.

வட்டிவிகிதம்
எல்லோரும் கூடுதல் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். 8.5 என்ற விகிதத்தை யாரும் கவனிக்கவில்லையே! வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 2025 பிப்ரவரியில் 6.50-இலிருந்து இறங்க ஆரம்பித்து ஜூனில் 5.50, டிசம்பரில் 5.25 ஆனது. வங்கிகள் 2019 அக்டோபர் முதல் தனிநபர்களுக்குக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக்கடனை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கவேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது விகிதத்தைத் திருத்தவேண்டும். வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவர்கள் தங்கள் சொந்த அடிப்படை விகிதத்தை வைத்துக்கொள்கிறார்கள். புதிதாக வருகிறவருக்குக் குறைத்துக் கொடுப்பார்கள், பழைய ஆள் கேட்டால்தான் இறங்குவார்கள்.

செய்யவேண்டியது: இன்று புதிதாகக் கடன் வாங்குகிறவருக்கு அதே நிறுவனம் என்ன விகிதம் தருகிறது என்று பாருங்கள். பிறகு "விகித மாற்றம்" வேண்டும் என்று கிளையில் எழுதிக் கொடுங்கள். ஒரு கட்டணம் கேட்பார்கள், அதையும் எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பாக்கி 24.5 லட்சம், 228 மாதம். விகிதம் 8.0 ஆகி, தவணை அதே 21,696 ஆக இருந்தால் 211 மாதத்தில் முடியும். கூடுதலாக ஒரு ரூபாய் கட்டாமல் 17 மாதம் மிச்சம். அந்த 2,800-ஐயும் சேர்த்துத் தவணையை 24,500 ஆக்கினால் 166 மாதம், அதாவது 13 வருடம் 10 மாதம்.

இறங்க மறுத்தால் வங்கிக்கு மாற்றலாம். 7.5 கிடைத்தால் அதே தவணையில் 197 மாதம். ஆனால் செலவைக் கணக்குப் பாருங்கள்: புதிய வங்கியின் செயல்முறைக் கட்டணம், வக்கீல் கருத்து, மதிப்பீட்டாளர், பழைய அடமானத்தை நீக்கும் ரசீது ஆவணம், புதிய அடமானத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும். பெண் முதல் கடன்தாரராக இருந்தால் பல வங்கிகள் 0.05 சதவீதம் குறைக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

நிலா_கோவை
இது தெரியாமல் இருந்தது, நன்றி. விகிதம் குறைந்தால் தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா? பகுதி கட்டினாலும் இதே கேள்வி வருமா?

வட்டிவிகிதம்
வரும். இரண்டுக்கும் காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். தவணையைக் குறைத்தால் அந்த மிச்சம் வீட்டுச் செலவில் கரைந்துவிடும். 2023 ஆகஸ்ட் 18 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, விகிதம் திருத்தும்போது தவணையை மாற்றுவதா, காலத்தை மாற்றுவதா, பகுதியோ முழுவதுமோ அடைப்பதா என்பதில் வாடிக்கையாளருக்குத் தேர்வு உண்டு. விகிதம் ஏறும்போதுதான் இதில் கவனம் வேண்டும். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4.00-இலிருந்து 6.50 ஆனபோது பலருக்குத் தவணை மாறவில்லை, காலம் மட்டும் நீண்டது. ஸ்டேட்மென்டைத் திறந்து பார்க்காதவர்களுக்கு அது தெரியவே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை "மீதமுள்ள தவணைகள்" என்ற எண்ணைப் பாருங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. சம்பளம் குறையும், வேலை மாறும் என்று தெரிந்தால் தவணையைக் குறைத்துவிட்டுக் கூடுதலைத் தானாகக் கட்டுங்கள். நெருக்கடி மாதத்தில் குறைந்த தவணை மட்டும் கட்டினால் போதும்.

கடன்பிரிவு
பகுதி கட்டும்போது நடைமுறையில் எது தவறும் என்று சொல்கிறேன்.

கடன் கணக்கு எண்ணுக்கு நேராக என்.இ.எஃப்.டி. அனுப்பினால் சில இடங்களில் அது "முன்பணத் தவணை" என்று உட்கார்ந்துவிடும், அசலில் கழியாது. ஆப்பில் "பகுதி முன்செலுத்தல்" என்ற தனி வழி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் கடிதம். அதில் கடன் எண், தொகை, "அசலில் வரவு வைத்து, தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கவும், திருத்திய தவணை அட்டவணை தரவும்" என்ற ஒரு வாக்கியம். பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பத்து நாள் கழித்து ஸ்டேட்மென்டில் அசல் அதே அளவு இறங்கியதா என்று பாருங்கள்.

சில நிறுவனங்கள் ஒரு தவணை, இரண்டு தவணை அளவுக்குக் குறையாமல்தான் பகுதி வாங்குவார்கள். அங்கே மாதம் 2,800 கட்ட முடியாது. இரண்டு வழி. சேர்த்துவைத்து வருடத்துக்கு ஒருமுறை கட்டலாம், அல்லது தவணையையே உயர்த்தலாம். தவணையை உயர்த்தும்போது தவணையைக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்க நீங்கள் கொடுத்த பழைய நாச் ஆணையின் உச்சவரம்பு போதுமா என்று கேளுங்கள். போதாவிட்டால் புதிய ஆணை தரவேண்டும், மறந்தால் முதல் மாதமே தவணை திரும்பும்.

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனுக்கு முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணம் கிடையாது, வங்கியானாலும் நிதி நிறுவனமானாலும். "முதல் மூன்று வருடம் நிலையான வட்டி" வகை என்றால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

எண்கணக்கு
தவணையை உயர்த்துவது பற்றி ஒரு கணக்கு. அசல் 25 லட்சம், 8.5 சதவீதம், எல்லாம் முதலிலிருந்து என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் சுமார் 16 வருடம் 8 மாதத்தில் முடியும். மாதம் 3,000 கூடுதல் என்றால் 14 வருடம் 11 மாதம், வட்டியில் மிச்சம் 7.9 லட்சம். ஒவ்வொரு வருடமும் தவணையை 5 சதவீதம் உயர்த்திக்கொண்டே போனால் 12 வருடத்துக்குக் கொஞ்சம் மேல். பன்னிரண்டாம் வருடத் தவணை 37,100 ஆக இருக்கும், சம்பளமும் கூடவே ஏறினால்தான் தாங்கும். மகள் கல்லூரி போகும் வயது வருமுன் உயர்வை நிறுத்திவிடுங்கள்.

பட்ஜெட்_பித்து
ஏன் அவசரம்? வரிச்சலுகை போய்விடுமே. வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு இருக்கிறதே.

எண்கணக்கு
இவர்களுக்கு அது பொருந்தாது. புதிய வரிமுறையில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவே இல்லை. 2025-26 முதல் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை அந்த முறையில் வரியும் இல்லை. பழைய முறையில் போனாலும் வருடம் 8 லட்சம் அளவுச் சம்பளத்தில் நிலையான கழிவு 50,000, சேமிப்புக்கான கழிவு (80சி) 1.5 லட்சம், வட்டி 2 லட்சம் போக 5 லட்சத்துக்குக் கீழே வந்துவிடும், அங்கேயும் வரி பூஜ்யம். கட்டாத வரியைக் காப்பாற்ற ஆண்டுக்கு 2 லட்சம் வட்டி கட்டவேண்டியதில்லை.

சிறுவாடு
நிலா, மகளுக்கு 10 வயது முடிவதற்குள் செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் திறந்துவிடுங்கள், அஞ்சலகத்தில் 250 ரூபாய் போதும். பிறகு திறக்க முடியாது. 2024 ஜனவரி முதல் வட்டி 8.2, வரி இல்லை. வருடம் குறைந்தபட்சம் 250 போட்டுக் கணக்கை உயிரோடு வைத்தால், கடன் முடியும் காலத்தில் பெரிய தொகை போடலாம். 18 வயதில் படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம்.

பி.எஃப். பணத்தை எடுத்துக் கடனில் போடும் யோசனை வந்தால் வேண்டாம். 2024-25-க்கு அது 8.25 சதவீதம், வரி இல்லாமல். கடன் 8.5-இலிருந்து 8-க்கு இறங்கிவிட்டால் அங்கே இருப்பதுதான் லாபம். நகையை அடகு வைத்து வீட்டுக்கடன் அடைப்பதும் வேண்டாம். ஏலச்சீட்டு போடுவதானால் பதிவான சீட்டு மட்டும். தள்ளு (ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை) அதிகம் போகும் ஆரம்ப மாதங்களில் எடுக்காமல் கடைசியில் எடுத்து, வருகிற மொத்தத்தைப் பகுதியாகக் கட்டுகிறவர்கள் உண்டு. கை நடுங்காமல் மாதாமாதம் கட்ட முடிந்தால் மட்டும்.

கடன்பிரிவு
இன்னொன்று, இது முக்கியம். கடன் 2024 செப்டம்பர் 1-க்குப் பிறகு என்பதால் பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2.0-இன் வட்டி மானியத்துக்குத் தகுதி இருக்கிறதா பாருங்கள். குடும்ப வருமானம் வருடம் 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், நாட்டில் வேறெங்கும் சொந்தமாகக் கான்கிரீட் வீடு இருக்கக்கூடாது. முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத மானியம், ஐந்து வருடாந்தரத் தவணையில் அதிகபட்சம் 1.8 லட்சம். கணவரை இழந்தவர்களுக்கும் தனித்து வாழும் பெண்களுக்கும் முன்னுரிமை உண்டு.

இங்கே ஒரு சிக்கல். ஒவ்வொரு மானியத் தவணை வரும்போதும் கடன் நடப்பில் இருக்கவேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கி இருக்கவேண்டும். மாதம் 2,800 கட்டினால் ஐந்து வருடத்தில் பாதிக்குக் கீழே போகாது, கவலை இல்லை. ஆனால் இடையில் நிலம் விற்ற பணம், பெரிய தொகை வந்தால் ஐந்தாவது தவணை வந்தபின் கட்டுங்கள். வேறு வங்கிக்கு மாற்றுவதானாலும் மானியம் என்ன ஆகும் என்று முதலில் எழுத்தில் கேளுங்கள்.

தகப்பன்_சேலம்
இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். கடனில் விவாகரத்தான மனைவி துணைக் கடன்தாரர், பத்திரத்திலும் பாதி. மகன் என்னிடம். முழுத் தவணையும் நானே கட்டுகிறேன். அடைத்துவிட்டால் வீடு எனக்கா?

பத்திரம்77
இல்லை சார். யார் கட்டினாலும் பத்திரத்தில் பெயர் இருக்கிற வரை பாதி அவருடையது. விவாகரத்துத் தீர்ப்பு வங்கியைக் கட்டுப்படுத்தாது, இருவரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. அவர் தன் பாகத்தை விடுதலைப் பத்திரம் மூலம் எழுதிக் கொடுத்து சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியவேண்டும். அதற்கு முன் வங்கியின் சம்மதம் வேண்டும். உங்கள் ஒரே வருமானத்தில் கடன் தாங்குமா என்று புதிதாகப் பரிசீலிப்பார்கள். பெரிய தொகையை முன்கூட்டிக் கட்டுவதற்கு முன் இதை முடியுங்கள். முத்திரைத் தீர்வை எவ்வளவு என்பதைப் பதிவுக்கு முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், உறவைப் பொறுத்து மாறும்.

காசாளர்_மதுரை
இன்சூரன்ஸ் 2,000 என்று எழுதியிருக்கிறீர்களே மேடம், அதில் டேர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு, உண்டா? கடனோடு சேர்த்து ஒரே பிரீமியமாகக் கொடுத்த பாலிசி என்றால் அந்தப் பிரீமியமும் அசலில் ஏறி வட்டி ஓடிக்கொண்டிருக்கும், அனுமதிக் கடிதத்தில் பாருங்கள். கடனை முன்னாலே அடைத்தால் மீதிக் காலத்துக்குப் பணம் திரும்ப வருமா என்பதையும் கேளுங்கள். தனியாக டேர்ம் பாலிசி எடுப்பது மேல். கடன் அளவுக்கு மட்டும் எடுத்தால் வீடு தப்பும், மகளின் சாப்பாடும் படிப்பும் தப்பாது.

நாமினி மகள் என்றால் மைனர், அதனால் பணத்தை வாங்க ஒரு பொறுப்பாளர் பெயரும் பாலிசியில் எழுதவேண்டும். உயிலும் எழுதிவிடுங்கள். மைனருக்கு வந்த வீட்டை இயற்கைக் காப்பாளர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. நீங்கள் இல்லாத நிலையில் இந்து சட்டப்படி அந்தக் காப்பாளர் தந்தைதான் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலா_கோவை
டேர்ம் இல்லை, மருத்துவக் காப்பீடு மட்டும். இந்த வாரமே விசாரிக்கிறேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், வண்டியை வாரத்தில் மூன்று நாள் நிறுத்தினால் பெட்ரோலில் மாதம் 900 மிச்சமாகும், பிரீமியத்துக்கு அது உதவும். கடன் முடிந்த பிறகு என்னென்ன வாங்கவேண்டும்?

பத்திரம்77
வருடங்கள் இருக்கிறது, ஆனால் இப்போதே ஒரு வேலை உண்டு. கடன் வாங்கும்போது ஒப்படைத்த ஆவணங்களின் பட்டியலை முத்திரையோடு வாங்கி வையுங்கள். தாய்ப் பத்திரம், கிரயப் பத்திரம், பட்டா, வரைபட அனுமதி என்று ஒவ்வொன்றும் அதில் இருக்கவேண்டும். 15 வருடம் கழித்துத் தாய்ப் பத்திரம் காணவில்லை என்றால் இந்தப் பட்டியல்தான் சாட்சி.

முடிக்கும்போது குறிப்பிட்ட தேதி வரைக்குமான முடிப்புத் தொகைக் கடிதம் வாங்கி, ஒரு ரூபாய் குறையாமல் கட்டுங்கள். முழுத்தொகை கட்டிய 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் தரவேண்டும். அவர்கள் தரப்பில் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறை. ஆவணம் தொலைந்தாலோ சேதமானாலோ நகல் எடுக்க அவர்களே உதவி செலவையும் ஏற்கவேண்டும், அதற்கு இன்னும் 30 நாள் அவகாசம்.

கடனில்லாச் சான்று மட்டும் போதாது. தமிழ்நாட்டில் உரிமை ஆவண ஒப்படைப்பு (பத்திரங்களைக் கொடுத்து வைக்கும் அடமானம்) சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும், அதை ரத்து செய்ய நிறுவனத்தின் அதிகாரி வந்து ரசீது ஆவணம் எழுதிப் பதியவேண்டும். இதை விட்டுவிட்டால் பல வருடம் கழித்து விற்கப் போகும்போது வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும். அப்போது அந்தக் கிளை இருக்குமா, கையெழுத்துப் போட ஆள் வருவாரா என்பது தெரியாது. செர்சாய் என்ற மத்திய அடமானப் பதிவிலும் அடமானத்தை நீக்கச் சொல்லுங்கள். நாச் ஆணையை ரத்து செய்யுங்கள், கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலைகளைத் திரும்ப வாங்குங்கள். ரசீது பதிவான சில நாளில் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டு, ரசீது ஆவண எண் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மாதம் கழித்து சிபிலில் கணக்கு "முடிந்தது" என்று காட்டுகிறதா என்பதையும் பாருங்கள், காட்டாவிட்டால் கடனில்லாச் சான்றை இணைத்து அங்கேயே புகார் பதியலாம்.